தீராத துயரமும் ‘விசுவாசக் குறை’ என்னும் தீர்ப்பும்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியங்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை எல்லை வரை நீளும் ஊர்களில், மனச் சமாதானத்தைப் பற்றி இன்று பரவலாகப் பேசப்படும் கிறிஸ்தவக் கருத்தை மூன்று கூற்றுகளில் அடக்கிவிடலாம்: விசுவாசிக்கிறவருடைய பிரச்சினை தீரும், தீர்ந்தபின் சமாதானம் வரும், தீரவில்லையென்றால் விசுவாசத்தில் எங்கோ குறை இருக்கிறது. திறந்தவெளியில் பந்தலிட்டுப் பல இரவுகள் தொடர்ந்து நடத்தப்படும் பிரசங்கக் கூட்டங்களை இப்பகுதியினர் கன்வென்ஷன் என்று அழைக்கின்றனர். அங்கே பிரசங்கத்துக்கு இணையான இடம் பெறுவது சாட்சி. கடவுள் தமக்குச் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சபையார் முன் அறிவிப்பதே சாட்சி எனப்படும். நோய் நீங்கியவர், கடன் அடைந்தவர், வளைகுடா நாட்டுக்கு விசா கிடைத்தவர், பல ஆண்டுகளுக்குப் பின் குழந்தை பெற்றவர் ஆகியோரே சாட்சி சொல்ல அழைக்கப்படுகின்றனர். ஜெபித்தும் நோய் நீங்காதவருக்கும், பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும், கடனில் வீட்டை இழந்தவருக்கும் அந்த ஒலிபெருக்கி தரப்படுவதில்லை. எவர் பேசலாம் என்ற இந்தத் தேர்விலேயே ஒரு முழு இறையியல் அடங்கியிருக்கிறது. அது பிழையான இறையியல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மறுக்கப்படுவது எது, மறுக்கப்படாதது எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நேர்மையாகும். நோயாளிக்காக ஜெபிப்பது இங்கே மறுக்கப்படவில்லை. கமுகின்கோடு அந்தோனியார் ஆலயத்துக்கு நேர்ச்சையோடு செல்லும் எளிய மக்களின் பக்தியைக் குறைத்துப் பேசுவதும் நோக்கமன்று. கேட்பது மனிதனின் இயல்பு, வேதாகமமும் அதைத் தடுக்கவில்லை. மறுக்கப்படுவது, கேட்டது கிடைப்பதையே விசுவாசத்தின் அளவுகோலாக்கி, கிடைக்காதவரைக் குற்றவாளியாக்கும் போதனை மட்டுமே. செழிப்புப் போதனை என்று அழைக்கப்படும் இதன் இன்றைய வடிவம் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், குறிப்பாக கென்னத் ஹேகின் (1917–2003) போன்ற பிரசங்கிகளின் வழியாக உருப்பெற்றது. நூல்களும் ஒலிநாடாக்களும் பின்னர் தொலைக்காட்சியும் அதை உலகெங்கும் கொண்டுசென்றன. அதைப் பெந்தெகொஸ்தே சபைகளின் தலையில் மட்டும் சுமத்திவிடுவது வழக்கமாக இருந்தாலும், பழைய லண்டன் மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையாரும் லத்தீன் கத்தோலிக்கரும் அன்றாடப் பேச்சில் அதே அளவுகோலைத்தான் கையாள்கின்றனர்.

வேதாகமத்துக்குள்ளேயே இந்தப் போதனைக்கு மிகப் பழைய பிரசங்கிகள் உண்டு. மந்தைகளையும் பிள்ளைகளையும் இழந்து உடல் முழுதும் புண்ணோடு கிடந்த யோபுவிடம் அவன் நண்பர்களான எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் சொன்னது இதுதான்: நீதிமான் கெடமாட்டான், நீ கெட்டிருக்கிறாய், ஆகவே நீ நீதிமானாக இருக்க முடியாது. அவரவர் செயலுக்கேற்ற பயன் இவ்வுலகிலேயே தவறாமல் வந்து சேரும் என்னும் இக்கொள்கையை இறையியலார் கைம்மாற்றுக் கொள்கை என்பர். தமிழருக்கு இது புதிதன்று. முன்வினைக் கோட்பாடாக நெடுங்காலம் பழகியதே. ஆயினும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. முன்வினைக் கோட்பாடு குற்றத்தை நினைவுக்கு எட்டாத ஒரு பிறவியில் வைத்ததால், துன்பப்படுகிறவர் இப்பிறவியில் தம்மைத் தாமே நொந்துகொள்ளாமல் இருக்கச் சிறிது இடமாவது இருந்தது. விசுவாசக் குறை என்னும் புதிய தீர்ப்போ குற்றத்தை நேற்றைய இரவின் ஜெபத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறது. வினைக்கொள்கையை மேடையில் கண்டிக்கும் அதே ஊழியர், புற்றுநோயாளியின் கட்டிலருகே அதைவிடக் கடுமையான ஒன்றைப் போதிக்கிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை. யோபு நூலின் இறுதியிலோ கடவுளின் கோபம் புலம்பிய யோபுவின்மேல் விழாமல், கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல் விழுகிறது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எழும்: யோபு இழந்ததையெல்லாம் இரட்டிப்பாகப் பெற்றானே, அது பிரச்சினை தீர்ந்த கதைதானே என்பர். நூலின் முதல் அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வாதம் நிற்காது. 7000 ஆடுகள் 14000 ஆகின்றன. 3000 ஒட்டகங்கள் 6000 ஆகின்றன. 500 ஏர்மாடுகளும் 500 கழுதைகளும் ஆயிரம் ஆயிரமாகின்றன. பிள்ளைகளோ முன்பு 7 ஆண்கள், 3 பெண்கள். பின்பும் 7 ஆண்கள், 3 பெண்கள். இடிந்த வீட்டின் அடியில் மடிந்த முதல் பத்துப் பேரும் திரும்பி வரவில்லை, பின்னால் பிறந்தவர்கள் அவர்களுக்கு ஈடுமில்லை. பிள்ளையைப் புதைத்த எந்தத் தாயும் இந்தக் கணக்கை உடனே புரிந்துகொள்வாள். அதனினும் முக்கியமானது, யோபு வழக்காடுவதை விட்டு அடங்குவது அந்த இரட்டிப்புக்கு முன்னரே நிகழ்கிறது என்பது. புண்கள் ஆறவில்லை, மந்தைகள் வரவில்லை, ஏன் என்ற கேள்விக்கு விடையும் கிடைக்கவில்லை. கடவுளோடு நேருக்கு நேர் நின்றதொன்றே அவனுக்குப் போதுமானதாயிற்று.

இதே யோபுவின் கதைதான் தென் திருவிதாங்கூரின் புகழ்பெற்ற மனமாற்றத்துக்கும் வித்திட்டது. இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்து, மார்த்தாண்ட வர்மரின் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, சொத்திழப்பால் மனம் தளர்ந்திருந்தபோது, 1741ஆம் ஆண்டு குளச்சல் போருக்குப் பின் அரசரின் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது திருச்சபை மரபு. 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்துத் தேவசகாயம் என்று பெயரிட்டார். அதன்பின் நடந்தவற்றைச் செழிப்புப் போதனையாளர் எவரும் தம் மேடையில் சொல்லத் துணியமாட்டார். 1749இல் சிறைப்பட்டார், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார், அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்க்கப்பட்டது, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தண்டிக்கப்பட்டது மதமாற்றத்துக்காக அன்று, அரசியல் காரணங்களுக்காகவே என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உண்டு. இங்குள்ள வாதத்துக்கு அந்தச் சர்ச்சை தடையாகாது. காரணம் எதுவாயினும், விசுவாசத்துக்கு முன் பதவியும் வீடும் உடையவராக இருந்தவர், விசுவாசத்துக்குப் பின் எல்லாவற்றையும் இழந்தார். யோபுவின் கதையைக் கேட்டு வந்தவருக்கு யோபுவின் கடைசி அதிகாரம் வாய்க்கவேயில்லை. 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்த திருச்சபை, பிரச்சினை தீராத ஒரு மனிதரையே முன்மாதிரியாக நிறுத்தியது. அந்த நாளில் நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்திலும் மகிழ்ச்சியோடு கொண்டாடியவர்கள், மறுநாளே பக்கத்து வீட்டு நோயாளியிடம் விசுவாசக் குறையைப் பற்றிப் பேசியிருந்தால் அந்த விழாவின் பொருள் அவர்களுக்கு எட்டவில்லை என்றே கொள்ளவேண்டும்.

அதே மார்த்தாண்ட வர்மர் இளமையில் பகைவரிடமிருந்து தப்பி, நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பதும், அந்த நன்றிக்காகவே பின்னர் அங்குக் கிருஷ்ணன் கோயிலைக் கட்டினார் என்பதும் ஊரறிந்த மரபு. அம்மச்சிப்பிலாவு என்னும் அந்த மரம் இன்றும் காட்டப்படுகிறது. தப்பியவர் நன்றி செலுத்துவது முறையானதே. ஆனால் காப்பாற்றப்பட்ட அரசரின் நன்றி எளிதில் விளங்குவது, எல்லா மதங்களுக்கும் பொதுவானது. காப்பாற்றப்படாத கைதியின் உறுதிக்கோ வேறொரு விளக்கம் வேண்டும். அந்த விளக்கம் கிறிஸ்தவத்துக்குள் இருக்கையில், அதைப் புறக்கணித்துவிட்டுத் தப்பியவர்களின் சாட்சியை மட்டும் ஒலிபரப்புவது ஏன் என்பதே எதிர்த்தரப்பினர் விடை சொல்லவேண்டிய கேள்வி.

ஒரு கோட்பாட்டின் மெய்ம்மையைத் தனி மனிதரிடம் சோதிப்பது கடினம். ஒரு கூட்டத்தாரின் வரலாற்றில் சோதிப்பது எளிது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855ஆம் ஆண்டு அரச ஆணையால்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் லண்டன் மிஷன் சபைகள் வேரூன்றியிருந்தன. அந்த ஆணைக்கு முன் ஜெபித்தபடியே கண்மூடிய விசுவாசிகளுக்கு விசுவாசம் போதவில்லை என்றும், ஆணைக்குப் பின் பிறந்தவர்களுக்கு அது போதுமானதாயிற்று என்றும் யாரேனும் சொல்ல முடியுமா? இன்னொரு நிகழ்வு இதைவிட அண்மையது. நேசமணி தலைமை தாங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தோவாளை முதல் நெய்யாற்றின்கரை வரையிலான தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு இணையவேண்டும் எனப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்துக்கு வந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் பேசிய கிறிஸ்தவரும் மலையாளம் பேசிய கிறிஸ்தவரும் அப்போது ஒரே திருமண்டலத்தில், பல இடங்களில் ஒரே ஆலயத்தில் கூடியிருந்தவர்கள். இரு தரப்பாரும் ஜெபித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. செழிப்புப் போதனையின் தர்க்கப்படி பார்த்தால், பாறசாலைத் தமிழரின் விசுவாசம் பலவீனமானது, மலையாளியின் விசுவாசம் பலமானது, விளவங்கோட்டில் மட்டும் நிலைமை நேர்மாறு என்றாகும். கேட்பவர் சிரிப்பர். சிரிப்புக்கிடமான அந்தத் தர்க்கமே தனி ஒருவரின் சிறுநீரக நோய்க்குப் பொருத்தப்படும்போது மட்டும் பயபக்தியோடு கேட்கப்படுகிறது.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் எதிர்த்தரப்பினர் இயேசுவின் அற்புதங்களை அடுக்குவர். அவை நூலில் உள்ளவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நூலில் பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யாருடைய பாவத்தின் பயன் என்று வினவும்போது, அவனுடையதும் அன்று அவன் பெற்றோருடையதும் அன்று என இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவரைவிடப் பாவிகள் என்னும் எண்ணத்தையும் நேரடியாக மறுக்கிறார், அந்த 18 பேரும் உயிரோடு எழுப்பப்படவில்லை. கெத்செமனே தோட்டத்தில் அவரே கேட்ட ஒன்று அவருக்குக் கொடுக்கப்படவில்லை. பவுல் தம் உடலில் தைத்த முள் என்று குறிப்பிட்ட துன்பத்தை நீக்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. அறிவுக்கு எட்டாத சமாதானத்தைப் பற்றி மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் பகுதியை அதே பவுல் பிலிப்பி சபையாருக்குச் சிறையிலிருந்துதான் எழுதினார். அந்தப் பகுதியைக் கூர்ந்து படிப்பவர் ஒன்றைக் காண்பார்: விண்ணப்பங்களைக் கடவுளுக்குத் தெரியப்படுத்துமாறு அது சொல்கிறது, அப்படித் தெரியப்படுத்தினால் சமாதானம் இதயத்தைக் காக்கும் என்கிறது, விண்ணப்பித்தது கிடைக்கும் என்ற சொல்லே அங்கு இல்லை. கேட்பதற்கும் சமாதானத்துக்கும் இடையே, பெறுதல் என்னும் ஒரு படியை மேடைப் பிரசங்கம் தானாகச் செருகிக்கொண்டது.

செருகப்பட்ட அந்தப் படி உண்மையாயின், நெய்யூர் மருத்துவமனைக்கு என்ன வேலை? பாறசாலையில் சபை நடத்திய அதே லண்டன் மிஷன், 1838ஆம் ஆண்டிலேயே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்று, பனிச்சரிவில் சுமைதூக்கிகள் ஏழு பேர் மாண்டதைக் கண்டு வருந்திய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹோவர்ட் சாமர்வெல், அதற்குப் பின் நெய்யூரைப் பார்க்க வந்தபோது, ஓயாது திரளும் நோயாளிகளுக்குப் போதிய கைகள் இல்லாததைக் கண்டு, லண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டு அங்கேயே பணியாற்றத் தீர்மானித்தார். எல்லைக்கு இப்பால் காரக்கோணத்தில் உள்ள தென்னிந்தியத் திருச்சபை மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நோயாளியின் விசுவாசத்தை அளந்துகொண்டிருந்தவர்கள் மருத்துவமனை கட்டவில்லை. கட்டியவர்கள், தீர்க்கக்கூடியதைக் கையால் தீர்க்க முயன்றனர், தீராதவர்களின் படுக்கையருகே நின்றனர். இந்த இரண்டாவது வேலைக்கு இன்று வலிநிவாரணப் பராமரிப்பு என்று பெயர். குணப்படுத்த முடியாத நோயாளியின் வலியையும் மனத்துயரையும் குடும்பத்தின் சுமையையும் சேர்த்துக் கவனிக்கும் மருத்துவத் துறை அது. அதன் முன்னோடியும், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியவருமான சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். இந்தியாவில் இத்துறைக்காகத் தனிக் கொள்கை ஒன்றை 2008இல் முதலில் வகுத்த மாநிலம் கேரளம். சாகப்போகிறவருக்கும் அமைதி உண்டு என்பதை மருத்துவத்துறை ஒப்புக்கொண்டபின்னும் பிரசங்க மேடை ஒப்புக்கொள்ளத் தயங்குவது விந்தை.

இவ்வளவையும் ஏற்கும் பகுத்தறிவாளர் மறுபக்கத்திலிருந்து ஒரு கணை தொடுப்பார்: தீராத துன்பத்திலும் சமாதானம் உண்டென்று போதித்தால், தீர்க்கக்கூடிய அநீதியையும் மக்கள் சகித்துக்கொண்டு கிடப்பார்களே, அதிகாரத்தில் இருப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன என்பார். அலட்சியமாகத் தள்ளக்கூடிய வாதமன்று இது. சபைகள் சில வேளைகளில் இந்தக் குற்றத்தைச் செய்தே வந்துள்ளன. ஆயினும் இப்பகுதியின் வரலாறு வாதத்துக்கு முழுமையாக இணங்கவில்லை. சாணார் குலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் உயர்சாதியினரைப் போல் தோள்சீலை அணிவதை 1829ஆம் ஆண்டு அரச ஆணை தடுத்தது. தலைமுறை ஒன்று கடந்தும் அவர்கள் அடங்கவில்லை. 1858–59இல் சந்தைகளில் அவர்கள் சீலை கிழிக்கப்பட்டது, ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1859ஆம் ஆண்டு ஆணை மேலாடை உரிமையை, அதுவும் நிபந்தனையோடுதான், வழங்கியது. இந்தப் பெண்களுக்கு விசுவாசம் மயக்கமருந்தாக இருந்திருந்தால் 1829உடன் கதை முடிந்திருக்கும். முடிவு கையில் இல்லாதபோதும் நிலைகுலையாதவரால்தான் முப்பது ஆண்டுகள் ஒரு போராட்டத்தில் நிற்க முடியும். உடனடி வெற்றியையே விசுவாசத்தின் அடையாளமாகக் கொண்டவரோ முதல் தோல்வியில் மனமுடைந்து வீடு திரும்பிவிடுவார். நெய்யாற்றின்கரை வட்டத்தின் அருவிப்புறத்தில் 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்த நாராயண குருவும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை என்பதை இங்கே நினைக்கலாம். அமைதியும் கலகமும் ஒருவரிடம் சேர்ந்து வாழ முடியும் என்பதற்குக் கிறிஸ்தவம் தனியுரிமை கோரவேண்டியதில்லை.

ஆகவே தீராதது எது, தீர்க்கப்படாதது எது என்ற பாகுபாடு இன்றியமையாததாகிறது. பிறவிக் குறைபாடு, மரணம், முதுமை, கைமீறிப்போன இழப்பு ஆகியவை முதல் வகை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி மறுக்கப்பட்டிருப்பது இரண்டாம் வகை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத்தடையை நீக்கப் பரிந்துரைத்த பின்னும் அது அப்படியே இருக்கிறது. பாறசாலைச் சுற்றுவட்டாரத்துச் சாம்பவர், புலையர் மரபுக் கிறிஸ்தவர்களிடம் போய்ச் சமாதானத்தோடு பொறுத்திருங்கள் என்பது போதனையாகாது. அவர்களுக்கு வேண்டியது வழக்கறிஞரும் மனுவும் தம்மோடு வீதிக்கு வரும் சபையாரும். செழிப்புப் போதனை இந்த இரண்டாம் வகையைக் கண்டுகொள்வதே இல்லை என்பதும் தற்செயலன்று. ஒவ்வொரு துன்பமும் தனி ஒருவருக்கும் கடவுளுக்கும் இடையிலான கணக்கு என்று ஆகிவிட்டால், சாதிக்கும் அரசுக்கும் அங்கே பொறுப்பு ஏதும் மிஞ்சுவதில்லை.

அப்படியானால் முதல் வகைத் துன்பத்தில் கிடைக்கும் சமாதானம் எத்தகையது? அது வலியின்மை ஆகாது. வலிக்கும்போது வலிக்கிறதென்று கடவுளிடமே சொல்லத் தடையில்லாத உறவு அது. சங்கீதப் புத்தகத்தின் கணிசமான பகுதி புலம்பல்களாகவே இருக்கிறது. கடவுளைக் குற்றஞ்சாட்டிக்கொண்டே அவரிடம் ஜெபிக்கும் பாடல்கள் அவை. பெரும்பாலானவை இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. 88ஆம் சங்கீதமோ திரும்பாமலே இருளில் முடிகிறது, அதையும் திருச்சபை நீக்காமல் தன் ஜெபநூலில் வைத்துக் காத்தது. அந்தப் பாடலை மேடையில் வாசிக்கத் தயங்கும் சபை, அதைப் போன்ற நிலையில் வாழும் தன் உறுப்பினரிடம் வெளியே போ என்று வாயால் சொல்லாமல் சொல்கிறது. ஆற்றமுடியாத துயரத்தில் இருப்பவரை நிலைநிறுத்துவது, துயரத்தின் காரணத்தை அறிந்துகொள்வது அன்று. தம்மைக் கடவுளும் கைவிடவில்லை, சபையும் கைவிடவில்லை என்ற உறுதியே. இதில் முதல் பாதி விசுவாசத்தைச் சார்ந்தது. இரண்டாம் பாதி முழுக்க முழுக்கச் சபையாரின் நடத்தையைச் சார்ந்தது. குறை கண்டுபிடிக்க வரும் பார்வையாளர் ஒருவர் போதும், அந்தப் பாதி நொறுங்கிவிட.

யோபு நூலின் கடைசி அதிகாரத்தில் பிரசங்கிகள் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் ஒரு செய்தி இருக்கிறது. கடவுள் எலிப்பாசையும் மற்ற இருவரையும் 7 காளைகளோடும் 7 ஆட்டுக்கடாக்களோடும் யோபுவிடம் போகச் சொல்கிறார். அவன் அவர்களுக்காக ஜெபிப்பான், அவன் ஜெபத்தைத் தாம் ஏற்பதாகச் சொல்கிறார். அந்த நேரத்தில் யோபுவுக்கு எதுவும் திரும்பக் கிடைத்திருக்கவில்லை; எல்லாவற்றையும் இழந்தவனே, ஒன்றையும் இழக்காதவர்களுக்காக ஜெபிக்கிறான், அதன் பின்னரே அவன் வாழ்வு மாறுகிறது. அடுத்த கன்வென்ஷனுக்குப் பந்தல்கால் நாட்டவிருக்கும் சபைகள் இந்த ஒழுங்கை ஓர் இரவேனும் பின்பற்றட்டும்: பல ஆண்டு ஜெபித்தும் நோய் நீங்காத ஒருவரை மேடைக்கு அழைத்து, ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்து, வந்திருக்கும் பிரசங்கியாருக்காக ஜெபிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.